கோண்ட்வானாவின் வாரிசுச் சான்றிதழ்

அரசாங்கத்தின் முன் எல்லாக் கற்களும் சமம். சர்ச்சுப் பீடத்துக்கு வந்த பளிங்கானாலும் சரி, தெருவில் காலை இடறுகிற கல்லானாலும் சரி, நாட்டுக்குள் வரவேண்டுமென்றால் பதினோரு கட்டங்கள் கொண்ட படிவத்தை நிரப்பியாக வேண்டும். பல்கேரியாவின் சோபியா விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் மே மாதம் மூன்றாம் தேதி வந்து இறங்கிய கல்லும் இந்தப் பொது விதிக்கு உட்பட்டதே.

கல் ஒரு பன் அளவுதான் இருக்கும். அழுக்குச் சாம்பல் நிறம். ஆனால் அதற்காக ராலிட்சா குஞ்சேவா என்ற நிலவியல் விஞ்ஞானி பதினோரு வருடம் கமிட்டிகளின் கையைக் காலைப் பிடித்திருக்கிறாள். நான்கு கோடைகள் தென்துருவத்துக் கூடாரத்தில் விறைத்துக் கிடந்திருக்கிறாள். நானூறு மீட்டர் பனிக்கட்டியைத் துளைத்து, அதன் அடியில் வெளிச்சமே பார்க்காமல் கிடந்த பாறையிலிருந்து எடுத்த துண்டு அது. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று, அதன் வயது. தங்கள் ரீலா மலைப்பாறையின் வயதும் இதன் வயதும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரு காலத்தில் கோண்ட்வானா என்ற ஒரே ஆதிக் கண்டத்தில் அக்கம்பக்கத்தில் கிடந்தவை என்ற அவள் கட்சி ஜெயிக்கும்.

வயது பார்க்கும் இயந்திரம் வியன்னாவில் இருந்தது. ஜூன் இருபதாம் தேதி அதில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூன் முப்பது அவள் ஓய்வு பெறும் நாள். இதை விட்டால் அடுத்த இடம் மூன்று வருடம் கழித்து. அப்போது அவளை வாசல் காவலாளிகூட உள்ளே விடமாட்டான்.

படிவத்தின் ஏழாவது கட்டம், எந்த நாட்டுப் பொருள் என்று கேட்டது. ராலிட்சா ‘அண்டார்டிகா’ என்று எழுதினாள். சுங்க அதிகாரி போகோமில் அதைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது வருட சர்வீஸில் ஒரு படிவத்தையும் முதல் தடவையே வாங்கிக்கொண்டதில்லை என்ற நற்பெயர் அவருக்கு உண்டு.

“அண்டார்டிகா நாடு இல்லையே மேடம். அங்க அரசாங்கமே கிடையாது.”

“ஆமா. அதனாலதான் அங்க நாலு வேலை நடக்குது.”

“கட்டத்துல நாடுன்னு போட்டிருக்கு. நாடுதான் எழுதணும்.”

ராலிட்சாவுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. பேனாவைப் பிடுங்கி ‘கோண்ட்வானா’ என்று எழுதினாள். ஆபீசில் வாயால் கோபப்படலாம். எழுத்தில் கோபப்படக் கூடாது. இது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போகோமில் நாடுகளின் பட்டியலை விரல் வைத்து மேலிருந்து கீழ் வரை பார்த்தார். “இப்படி ஒரு நாடு இல்லையே?”

“இருந்துச்சு. உடைஞ்சு போச்சு.”

அவர் முகம் தெளிந்தது. உடைந்த நாடுகள் பற்றி அந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். “யூகோஸ்லாவியா மாதிரியா?”

“அதைவிடக் கொஞ்சம் மெதுவா.”

“சரி. அப்போ வாரிசு இருக்கணுமே? இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டு வாங்க. செத்தவங்க சொத்தை நான் எப்படிச் சும்மா தூக்கிக் குடுக்கிறது? உங்க தாத்தா நிலத்தையே இது ரெண்டும் இல்லாம உங்களுக்குக் குடுத்திருப்பாங்களா?”

கூட்டுப்பண்ணைகளைக் கலைத்து அவரவர் தாத்தா நிலத்தை அவரவருக்குத் திருப்பித் தந்த நாளிலிருந்து, வாரிசுச் சான்றிதழ் இல்லாத வீடு பல்கேரியாவில் கிடையாது. ராலிட்சாவுக்கும் கியூஸ்தெந்தில் என்ற ஊர்ப் பக்கம் தாத்தாவின் செர்ரித் தோட்டம் ஒன்று இருந்தது. வாரிசுகள் இரண்டே பேர், அவளும் தம்பி கிரூமும். மரங்கள் பதினெட்டு. கிணற்றடி மரம் யாருக்கு என்பதில் மட்டும் இருபத்திரண்டு வருடமாக இழுபறி. அந்தப் பேச்சை எடுத்தாலே அவளுக்கு ரத்தம் கொதிக்கும். அதனால் எதிர்த்துப் பேசாமல் நகராட்சிக்குப் போனாள்.

இறப்புப் பதிவு ஜன்னலில் யோர்தான்கா என்ற அம்மாள் இருந்தாள்.

“செத்தது எப்போ?”

“பதினெட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னாடி.”

“எந்த மாசம்?”

“தெரியாது.”

“ஜனவரின்னு போட்டுக்கறேன். காரணம்?”

“அடியிலேர்ந்து சூடு ஏறி, வெடிச்சுப் போச்சு.”

யோர்தான்கா ‘கடும் காய்ச்சல்’ என்று எழுதினாள். “ரெண்டு நாளைக்குள்ள பதிஞ்சிருக்கணும். இவ்வளவு தாமதத்துக்கு என்ன காரணம்?”

“அப்போ நான் பிறக்கவே இல்லம்மா!”

“அப்படின்னு எழுத இடமில்லை.” யோர்தான்கா கொஞ்சம் யோசித்து, ‘விண்ணப்பதாரர் ஊரில் இல்லை’ என்று நிரப்பினாள். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “அஞ்சலித் தாள் ஒட்டியாச்சா?”

கண்ணீர் அஞ்சலித் தாள் கதவிலும் மரத்திலும் ஏறாதவரை அந்த ஊரில் யாரும் முழுசாகச் செத்ததாகக் கணக்கில்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருடா வருடம் என்று செத்தவர் புதுப்புதுத் தாளில் வந்து நின்றுகொண்டே இருப்பார். ராலிட்சா வேறு வழியில்லாமல் ஒன்று அச்சடித்து, தன் ஆய்வுக்கூட வாசலில் இருந்த செஸ்ட்நட் மரத்தில் ஒட்டினாள். ஒட்டியதைப் படம் எடுத்து ஜன்னலில் காட்டினாள். தாளில் செத்தவர் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பழைய கண்டத்தின் வரைபடம். கீழே, ‘பதினெட்டுக் கோடி ஆண்டு நினைவஞ்சலி. எங்களைப் பிரிந்து சென்ற அன்னை கோண்ட்வானா. ஆறாத் துயரில்: ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா.’ போகிறவர்கள் நின்று படித்து, சிலுவை போட்டுக்கொண்டு, “நல்ல குடும்பம், ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க பாவம்” என்று நகர்ந்தார்கள்.

வாரிசுச் சான்றிதழில் புதுச் சிக்கல். ஆறு வாரிசுகளும் நேரில் வர வேண்டும். அல்லது உள்ளூரில் இருக்கும் வாரிசு ஒருவர் மற்றவர்கள் சார்பில் வாங்கிக்கொள்ளலாம். அன்று மே இருபத்தெட்டு. ராலிட்சா இரண்டு நாள் தூங்காமல் பதினான்கு பக்கம் எழுதினாள். பல்கேரியாவின் மலைகளும் அந்தத் தாய்க் கண்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்து பிரிந்தவைதான், ஆகவே பல்கேரியாவும் பெற்ற பிள்ளைதான் என்று முடித்தாள். சக விஞ்ஞானிகள் பதினோரு வருடம் நம்ப மறுத்ததை, யோர்தான்கா நான்கு நிமிடத்தில் நம்பி, வட்ட முத்திரை குத்திக் கொடுத்தாள். முத்திரை விழுந்த பிறகு விஞ்ஞானிகளும் நம்பிவிட்டார்கள்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? டீ-சட்டைகளில் ‘நானும் வாரிசு’ என்று வந்தது. சாவு வீட்டில் கொடுக்கும் வேகவைத்த கோதுமையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, நடுவில் ஒரு விரிசல் கீறி, கோண்ட்வானா என்று கபேக்காரன் விற்றான். கண்டத்தைக் கழுத்தில் பச்சை குத்திக்கொள்ளாத பெண்ணைப் பெண்ணாகவே யாரும் மதிக்கவில்லை. தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து, அன்னையின் சாவுக்குப் பக்கத்து நாட்டுக்காரர்களே பொறுப்பு என்று கத்தினார்கள். இல்லாமல் போன கண்டத்துக்கு வாரிசு என்று மார்தட்டுவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே இதை நீட்டவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி போகோமில் எழுந்து நின்று கல்லை ராலிட்சாவின் முன் வைத்தார். அவர் எழுந்து நின்றதைப் பார்த்து ஆபீசே எழுந்து நின்றது.

“வாழ்த்துக்கள் மேடம். கல் நம்மளது. ஒரே ஒரு நிபந்தனைதான். உடைக்கக் கூடாது.”

“உடைச்சு நுணுக்கினாத்தான் அதுக்குள்ள இருக்கிற பொடிப் படிகத்தை எடுக்க முடியும். அதுலதான் வயசு இருக்கு!”

“இது பாகம் பிரிக்காத பொதுச் சொத்து. நாட்டுல அத்தனை பேரும் வாரிசு. நீங்கதான் பதினாலு பக்கம் எழுதிக் குடுத்தீங்க. எல்லாரும் சம்மதிச்சாத்தான் கை வைக்கலாம்.” ராலிட்சாவின் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு இளகியது. “அறுபது லட்சம் பேர்கிட்ட கையெழுத்து வாங்குன்னு சொல்ற அளவுக்கு அரசாங்கம் கல்நெஞ்சு இல்ல. மாதிரிக்கு ஒரு குடும்பம் போதும். உங்க குடும்பத்துல உயிரோட இருக்கிற வாரிசு எல்லாரும் போட்டாப் போதும். எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்,” என்றாள் ராலிட்சா.

மறுநாள் மாலை நாலரை மணிக்குத் தம்பி கிரூம் சுங்க ஆபீசுக்கு வந்தான். ஒரு கையில் செர்ரிப் பை, மறு கையில் ஒரு தாள்.

“உன் கல்லுக்குக் கையெழுத்துப் போடறேன்க்கா. எனக்கென்ன, நீ அதை அரைச்சுக் குடி. ஆனா நீ முதல்ல இதுல போடு.”

தோட்டத்தின் பாகப் பத்திரம். “கெணத்தடி மரம் மட்டும் எனக்கு. மிச்சம் பதினேழும் நீயே வெச்சுக்க. இதைவிட என்ன வேணும் உனக்கு?”

ராலிட்சா பேனாவைத் திறந்தாள். பதினோரு வருடம் கண் முன்னால் வந்து நின்றது. கூடாரத்தைக் காற்று பிய்த்துக்கொண்டு போன ராத்திரி, மரத்துப்போய் இன்றுவரை உணர்ச்சி திரும்பாத இடது கால் விரல்கள், துளைக்குழாயிலிருந்து கல் வழுக்கி வெளியே வந்தபோது தான் வாய்விட்டு அழுதது, எல்லாம்.

கிரூம் பையை நீட்டினான். “சாப்பிட்டுக்கிட்டே போடு.”

ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அவள் தாடை அப்படியே நின்றது.

“இது எந்த மரத்துப் பழம்?”

“கெணத்தடி மரம்தான்.”

“யாரைக் கேட்டுப் பறிச்ச?”

“யாரைக் கேக்கணும்? தாத்தா எனக்குன்னு வெச்ச மரம்.”

“உனக்கு அப்போ ஒன்றரை வயசுடா! மூக்கு ஒழுகிக்கிட்டுக் கெடந்த. குழி தோண்டினதே நான்!”

“மேடம்,” என்றார் போகோமில், கடிகாரத்தைக் காட்டி. “அஞ்சு மணிக்கு மூடிருவோம். வியன்னாவுக்கு வண்டி வெளிய நிக்குது.”

ராலிட்சா கல்லைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். கொட்டையைத் துப்பிவிட்டுப் பேனாவை மூடினாள்.

கல் இப்போது சுங்க ஆபீசின் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். பெட்டியில் வைக்கும் விளக்க அட்டையை எழுதித் தரும் பொறுப்பு, ஓய்வுக்கு முன் கடைசி அலுவலாக, ராலிட்சாவிடம் வந்தது. பெயர், கிடைத்த இடம், ஆழம் எல்லாவற்றையும் அழகாக எழுதினாள். வயது என்ற இடத்தில், ‘வாரிசுகள் கையெழுத்திட்ட பின் அறிவிக்கப்படும்’ என்று எழுதினாள். அதன் கீழே யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தாள்: ‘தாமதத்துக்குக் காரணம், இளைய வாரிசு.’