ரதி வேடத்துக்கு ஒரு சண்டை

கண்டி ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதச் சொன்னாலும் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார், எங்கள் 'நேர்ல' ஐயா. மாகாணத்துக் கலைக்குழுக்களைக் கணினியில் பதிவது அவர் வேலை. அதைப் பார்த்துத்தான் எங்கே மண்டபம், எங்கே பயிற்சி என்று மேலிடம் திட்டம் போடும். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "நேர்ல பாத்தீங்களா?"

கடுகண்ணாவை என்ற ஊரின் நடனக்குழு ஒன்று பெரிய படம் அனுப்பியது. ஐயா பஸ் ஏறிப் போய் விசாரித்தார். படத்தில் இருந்தவர்கள் பக்கத்துப் பாடசாலையின் விளையாட்டுப் போட்டிப் பிள்ளைகள். பதிவை அழித்தார், கொடுத்த தேநீரை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

நான் அவருடைய மேலதிகாரி. விதிகளில் பாதியை எழுதியவனே நான் என்பதால், அவற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

ஓர் ஐப்பசியில், நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, மன்மதன் எரிந்து ரதி அழும் கதையை ஆடும் காமன் கூத்துக் குழு விண்ணப்பித்தது. 'இயங்கும் குழு' என்று பதிந்தால் அவர்களுடைய பழைய மண்டபத்தைத் திருத்திக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அது தோட்டத்து லொறிகளுக்குக் கொட்டகையாகிவிடும். வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது. கூத்தோ மாசியில்தான்.

"போட்டுடுங்க ஐயா" என்றேன்.

"பாக்காம எப்படி சேர்?"

"அப்ப வழக்கொழிஞ்சதுன்னு போடுங்க."

"அதையும் பாக்கலையே!"

மழையில் இருவரும் போனோம். குழுத் தலைவர் கையை விரித்தார். "மாசிக்கு முந்தி ஆடுனா தோட்டத்துக்கு ஆகாதுங்க. மந்திரியே வந்தாலும் ஒரு அடி வைக்க மாட்டோம்."

மண்டபம் போய்விட்டது என்று நான் முடிவுகட்டினேன். ஐயா கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "வர்ற மாசிக்கு ரதி வேசம் யாருக்கு?"

"எனக்குத்தான்!" என்றார் ஒரு மீசைக்காரர்.

"போன வருசம் அழுவுற எடத்துல தும்முன ஆளு நீ! இந்தவாட்டி எம் மகன்" என்றார் இன்னொரு மீசைக்காரர்.

"ஒம் மகனா? அவன் நடந்தா லொறி ரிவர்ஸ் எடுக்குற மாதிரில்ல இருக்கு!"

பெண்களும் வந்து கட்சி பிரிந்தார்கள். தலைவர் நடுவில் நின்று இருபக்கமும் திட்டு வாங்கினார். ஐயா தேநீரை முடித்துவிட்டு எழுந்தார்.

"இயங்குது சேர். நேர்ல பாத்தாச்சு."

'ஆதாரம்' என்ற இடத்தில் 'ரதி வேடத்துக்குச் சண்டை' என்று பதிந்தார். எந்த விதியிலும் அதற்கு இடமில்லை. கையெழுத்துப் போட்டேன். மண்டபம் இன்றும் கூத்துக்காரர்களிடம்தான் இருக்கிறது.

இப்போது இருவரும் ஓய்வில். அண்மையில் எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. "நல்லா இருக்கேன்" என்று தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை, என் வீடு இருக்கும் அம்பிட்டிய மேட்டில் மூச்சு வாங்க ஏறி, குடையோடு என் வாசலில் நின்றார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். தேநீரைக் குடித்துவிட்டு, "அப்ப வர்றேன் சேர்" என்று எழுந்தார்.

"அவசரம் என்ன, இன்னொரு தடவை நல்லாப் பாத்துட்டுப் போங்க" என்று பிடித்து உட்கார வைத்தேன்.