தலைவர் தலையில் விளைந்த நார்

மின்சாரத்துக்குப் பெரியவர், சின்னவர் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. இதை நான் பாடப்புத்தகத்திலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். ஒரு பெரிய மனிதரின் வழுக்கைத் தலையில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். மூளையில் நரம்பு செல்களுக்கு ஊட்டம் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கும் துணைச் செல்கள் உண்டு. அவை பற்றி வளர, மின்சாரம் கடத்தும் நாரால் படுக்கை செய்வது என் வேலை. (வாழைநார் இல்லை, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்நார்.) பாலிமர் கரைசலை ஊசி வழியே விட்டு, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால், நார் பறந்துபோய் எதிரே சுழலும் உலோக உருளையில் வெள்ளையாகப் படியும். மின்கடத்திப் பூச்சு அதற்குப் பிறகு. இதெல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டிக்குள் நடக்கும். உருளைக்கு எர்த் கம்பி மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நார் வேறு இடம் தேடிப் போய்விடும், அவ்வளவுதான்.

என் உதவித்தொகையை நீட்டிக்கலாமா என்று பார்க்க ஒரு குழு வந்தது. தலைவர் நாகர்கோவில்காரர். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. அவர் வருகிறார் என்று காலையிலேயே உருளையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். துடைப்பதற்காகக் கழற்றிய கம்பியைத் திரும்ப மாட்டினேனா என்றால், இல்லை.

"கதவைத் திறந்துட்டா நல்லாத் தெரியும் சார்" என்றேன், அதிகப்பிரசங்கி. திறந்தேன். அவர் குனிந்து தலையை உள்ளே நீட்டினார். சுவிட்சைப் போட்டேன்.

"என்ன மக்களே, உருளையில ஒண்ணையும் காணலியே?"

எப்படிக் காணும்? எல்லாம் அவர் தலையில் இருந்தது. பூனைக்குட்டியின் வயிற்று முடிபோல நெற்றியிலிருந்து பிடரிவரை மெதுவாக விளைந்துகொண்டிருந்தது. என் ஆய்வு கைட் காதருகே வந்து, மலையாளத்தில், "ராதிகா, எர்த்து கொடுத்தோ?" என்றார். பாய்ந்துபோய் அணைத்தேன்.

"என்னமோ குளுருது" என்று தலைவர் தலையைத் தடவினார். கை அப்படியே நின்றது. "கண்ணாடி இருக்கா?"

செல்ஃபோன் கேமராவைத் திருப்பி நீட்டினேன். மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"எர்த் மாட்ட மறந்துட்டேன் சார்" என்றேன்.

"அது கெடக்கட்டும். ஒரு போட்டோ எடு மக்களே. எங்க வீட்டுக்காரி கல்யாணத்துக்கு அப்புறம் இதப் பாத்ததே இல்ல." பிறகு நாரை உரித்து விரலில் உருட்டிப் பார்த்தார். "தலைக்கு வெளிய நல்லாத்தான் பிடிக்கி. இனி உள்ள உள்ளதுக்குப் பாரு."

நீட்டிப்பு கிடைத்தது. கூடவே, கதவைத் திறந்தால் தானே மின்சாரம் நின்றுவிடும் ஏற்பாடும் அந்தப் பெட்டிக்கு வந்தது.

செல்கள் பின்னர் அருமையாக வளர்ந்தன, பட்டமும் வாங்கினேன். ஆனால் கதையை வீட்டில் சொன்னது தப்பாகிவிட்டது. அம்மா அதைச் சுருக்கி, "எங்காத்து ராதிகா முடி வளர்க்கற ஆராய்ச்சி பண்றா" என்று எங்கள் கரமனைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்றுவரை அங்கே மூளையைப் பற்றி என்னிடம் கேட்பார் யாரும் இல்லை.

போன வாரம்கூட எதிர்வீட்டு மாமா வந்தார். மாமி உள்ளே போகும்வரை காத்திருந்து, தொப்பியைக் கழற்றி, என் முன்னால் வழுக்கைத் தலையைத் தாழ்த்தினார்.

"கொழந்தே, வலிக்குமோ?"