லிங்கநகர் அமிஷ்காரர்

எழுபத்துநாலாம் ஆண்டில், ஒரு மனிதருக்கு எவ்வளவு கோதுமை மா தேவை என்பதை அரசாங்கம் அந்த மனிதரைவிட நன்றாக அறிந்திருந்தது. பங்கீட்டுக் கூப்பனுக்கு மேலே ஒரு பிடி மா வேண்டுமென்றாலும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கென்றே திருகோணமலை நகரத்தில் விசேட மாப் பங்கீட்டுக் கிளை என்றொரு கந்தோர் இருந்தது. அதன் பிரதம லிகிதர் குணரத்தினம் சட்டத்தில் இல்லாத மாவை ஒருவருக்கும் கொடுத்தவரல்ல. சட்டத்தில் உள்ள மாவையும் கொடுத்ததில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பொறாமை.

இப்படியான நல்ல காலத்தில்தான் லிங்கநகர் அன்னலட்சுமியின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது. நாலு இடம் தட்டிப்போய், இது ஐந்தாவது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். மாப்பிள்ளையின் தாய் பாக்கியரத்தினத்துக்கு நாகரிகம். தம்பி கப்பலில் கொண்டுவந்த அமெரிக்கச் சஞ்சிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் காரை விட்டு இறங்கினாள்.

"முறுக்கும் பயத்தம்பணியாரமும் இப்ப ஆர் தின்னுகினம்? நிச்சயதார்த்தத் தட்டத்தில இதை வையுங்கோ. அமிஷ் சொக்கிலேற் கேக். பெரிய இடங்களில எல்லாம் இதுதான்" என்று படத்தைக் காட்டிச் சஞ்சிகையையும் கையில் கொடுத்தாள்.

அந்தக் கறுப்பைப் பார்க்க அன்னலட்சுமிக்கு அடிப்பிடித்த களிதான் ஞாபகம் வந்தது. ஆனாலும் "ஓம் அக்கா" என்றாள்.

"மற்றது, கல்யாணத்துக்கு முந்திக் கரண்ட் எடுத்துப்போடுங்கோ. என்ர பிள்ளை ஃபான் இல்லாமல் நித்திரை கொள்ளான்."

"அதுக்கு எழுதிப்போட்டு ஒன்பது வருஷம் அக்கா. வாற மாசம் எங்கட முறையாம்."

மறுநாள் காலையிலேயே அன்னலட்சுமி கந்தோரில் நின்றாள். குணரத்தினம் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுத் தன் பெரிய மீசையைத் தடவினார்.

"சமயத் தேவைக்குத்தான் மேலதிக மா. நீங்கள் சைவம். சைவத்துக்கு மோதகம் இருக்கு, கேக் இல்லை. அடுத்த ஆள்!"

"ஐயா, இது சும்மா கேக் இல்லை" என்று சஞ்சிகையை நீட்டினாள்.

குணரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்தது. "அமிஷ் எண்டது ஒரு சமயப் பிரிவு எண்டெல்லோ கிடக்கு! கரண்ட் பாவிக்க மாட்டினம், கார் ஓட மாட்டினம். அப்ப நீங்கள் அமிஷோ?"

அன்னலட்சுமிக்கு மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. "ஓம்."

"எவ்வளவு காலமாக?"

"போன கிழமையில இருந்து."

"வந்து பரிசோதிக்க வேணும்" என்றார் குணரத்தினம் கண்டிப்பாக.

வந்தார், பரிசோதித்தார். கரண்ட் இல்லை. கார் இல்லை. அன்னலட்சுமியின் கணவர் சோமசேகரத்தின் சைக்கிள்கூட ரயர் கிடைக்காமல் கோழிக்கூட்டில் சாய்ந்து கிடந்தது. சவர பிளேட்டுக்கும் தட்டுப்பாடு என்பதால் மனுசனுக்குத் தாடியும் தன்பாட்டில் வளர்ந்திருந்தது. குணரத்தினம் எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டு வந்து, சஞ்சிகைப் படத்தையும் சோமசேகரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அமிஷ்காரருக்குத் தாடி உண்டு, மீசை இல்லை."

"ஐயோ, இருபத்திரண்டு வருஷ மீசை!" சோமசேகரம் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

"இஞ்சை பாருங்கோ, மீசை போனால் முளைக்கும். இந்தச் சம்பந்தம் போனால் முளைக்குமே?" என்று அன்னலட்சுமி கேட்டாள். சோமசேகரம் கைகளை எடுத்தார். மீசை நீக்குதல் பொருட்டு ஒரு பிளேட் விசேட ஒதுக்கீட்டில் வழங்கப்பட்டு, வேலை முடிந்ததும் கையெழுத்துடன் திருப்பிப் பெறப்பட்டது.

சான்றிதழும் வந்தது: "மேற்படி குடும்பத்தினர் சமயக் கொள்கையின் நிமித்தம் மின்சாரத்தை மனமுவந்து நிரந்தரமாகத் துறந்தவர்கள் என்பதை இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்." கூடவே மா, சீனி, கொக்கோத்தூள். அடியில் 'பிரதி: மின்சாரக் கந்தோர்' என்று சின்னதாக ஒரு வரி இருந்தது. மாவைக் கண்ட சந்தோஷத்தில் அதை ஆர் பார்த்தது?

பக்கத்து வீட்டு ரபீக்கா உதவிக்கு வந்தாள். செய்முறையில் மோரும் விடவேண்டும், கோப்பியும் விடவேண்டும் என்று கிடந்தது. "இது திங்கிறதா, குடிக்கிறதா புள்ள?" என்றாள் ரபீக்கா. கேக் சுடப் போறணை இல்லாததால் சட்டிக்குக் கீழே தணல், மூடிக்கு மேலே தணல். ஒரு மணித்தியாலத்தில் ஒழுங்கை முழுக்க வாசம் பிடித்துக்கொண்டது. நிச்சயதார்த்தத்தன்று பாக்கியரத்தினம் நாலு துண்டு தின்றாள். அன்னலட்சுமி குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள், சந்தோஷத்தில்.

பிறகு கேட்கவேண்டுமா! அமிஷ் கேக் இல்லாத வீடு ஒரு வீடா என்ற நிலைமை வந்தது. அமிஷ் சான்றிதழுக்காக ஊரில் மீசைகள் மளமளவென்று விழுந்தன. மீசையோடு போனவனைப் பட்டிக்காட்டான் என்று பார்த்தார்கள்.

அடுத்த மாதம் மின்சாரக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் கொள்கையை மதித்து, தங்கள் ஒன்பது வருட விண்ணப்பம் இரத்துச் செய்யப்படுகிறது."

அன்னலட்சுமி கடிதத்தோடு மாக் கந்தோருக்கு ஓடினாள். குணரத்தினம் வாயைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு இருந்தார்.

"ஐயா, நாங்கள் திரும்பவும் சைவம்!"

"நினைச்சபாட்டுக்கு மாற ஏலாது. அமிஷ் இல்லை எண்டதுக்கு அத்தாட்சி வேணும். வீட்டில கரண்ட் இருக்கோ?"

"அது இல்லாதபடியால்தானே வந்தனான்!"

"இல்லாட்டி நீங்கள் அமிஷ்தான்."

"உங்கட வீட்டில கரண்ட் இருக்கு. உங்களுக்கென்ன!"

குணரத்தினம் கைலேஞ்சியை மெல்ல எடுத்தார். மீசை இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. "மனுசி கேக் கேட்டவ. கரண்டை வெட்டுவியாமல் எனக்கு நானே எப்பிடிச் சான்றிதழ் குடுக்கிறது? சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே" என்றார் பரிதாபமாக.

மறுநாள் பின்னேரம் பாக்கியரத்தினம், கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்கப் புருஷனோடு வந்தாள். காரில் அல்ல, மாட்டுவண்டியில். புருஷன் துவாயால் முகத்தைச் சுற்றியிருந்தார். 'இதுவும் தட்டிப்போகப் போகுது' என்று நினைத்துக்கொண்டே அன்னலட்சுமி கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அண்ணைக்குப் பல்லுவலியோ?" என்று கேட்டாள்.

துவாய் நழுவியது. சோமசேகரம் பார்த்தார், சம்பந்தி பார்த்தார். இரண்டு மொட்டை மேலுதடும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.

"கோயில் கமிட்டிக்கு ஒரு கேக் குடுப்பம் எண்டு..." என்று பாக்கியரத்தினம் இழுத்தாள். "வீட்டுக் கரண்டையும் வெட்டிப்போட்டாங்கள்."

"அப்ப மாப்பிள்ளை?"

"வெளியில, முத்தத்திலதான் நித்திரை. நல்லாத்தான் குறட்டை விடுறான்."

பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் கல்யாணம் சிறப்பாக நடந்தது. அமிஷ் ஒதுக்கீடு முடிந்துபோனதால் தட்டத்தில் முறுக்கும் பயத்தம்பணியாரமும்தான். அந்த வருட அறிக்கையில், மின்சாரத்துக்குக் காத்திருப்போர் எவருமில்லாத முன்மாதிரி மாவட்டம் என்று திருகோணமலை பாராட்டப்பட்டது. பாராட்டுக் கூட்டத்துக்கு ஊரே போய்க் கைதட்டியது. கூட்டத்தில் கேக் கொடுப்பார்கள் என்று ஒரு கதை அடிபட்டிருந்தது.