கம்பைலரைக் கேட்ட பாய்

ஆம்பூரிலிருந்து வேலூர் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், கம்பைலர் பாயைப் போல எழுதி வைத்ததை நம்பாத ஆள் கிடைக்கமாட்டார். தினமும் வாணியம்பாடியிலிருந்து ஆம்பூரில் இருக்கிற எங்கள் ஆபீசுக்கு வருவார். பஸ்ஸின் நெற்றியில் ‘ஆம்பூர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பாய் அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நேராக டிரைவரிடம் போவார்.

“இது ஆம்பூர் போகுமா?”

“எட்டு வருஷமா இதே பஸ்லதான் வர்றீங்க பாய். போர்டைப் பாருங்க.”

“போர்டா வண்டி ஓட்டுது? ஓட்றவன் நீ, நீ சொல்லு.”

என் கல்யாணத்துக்கு வந்தவர், சர்ச் வாசலில் என்னைத் தனியாக இழுத்து, “மாப்ள நீதானே?” என்றார். கோட்டும் மாலையுமாக நின்ற நான் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் பரிசுப் பொட்டலம் கை மாறியது.

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஷூ கம்பெனிகளில் தோல் வெட்டும் மெஷின்களுக்கு மென்பொருள் செய்தோம். எந்தத் துண்டை என்ன அளவில் வெட்டவேண்டும் என்று கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர் வரிவரியாக எழுதுவார். அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். அதை உருவாக்கியவர் பாய். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் மேனேஜர் பாயிடம் புது வேலை கொடுத்தார். மாஸ்டர் எழுதுகிற எடிட்டர் திரையின் ஓரத்தில், துண்டுகளின் பெயரெல்லாம் பட்டியலாக வரவேண்டும். பெயரைத் தட்டினால் அந்த வரிக்குப் போய் நிற்கவேண்டும்.

“ஃபைலைப் படிச்சு பேர் எடுக்கக் கூடாது” என்றார் பாய். “அதுல இன்னா வேணா எழுதியிருப்பான். கம்பைலரையே வேற புரோகிராம் கூப்ட்டா பதில் சொல்ற லைப்ரரியா மாத்தி எடிட்டருக்குள்ள வச்சு, உனக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் சொல்லுன்னு அதுகிட்ட கேக்கணும்.”

“எவ்ளோ நாள் ஆகும் பாய்?” என்றேன்.

“பாதி அடிச்ச வரியைப் பாத்தா கம்பைலர் கோச்சிக்கும். கோச்சிக்காம பேர் சொல்ல வைக்கணும். மூணு மாசம்.”

இரண்டு மாதம் கம்பைலரைத் தாஜா செய்துகொண்டிருந்தார். பிறகு தங்கை கல்யாணத்துக்கு லீவில் போனார். அந்த நாலு நாளில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “கஸ்டமர் வர்றாங்க. டெமோவுக்கு மட்டும், எதையாவது பண்ணிக் காட்டு.”

பண்ணினேன். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் மாஸ்டர் போடும் ‘பீஸ்’ என்ற சொல் எங்கே வந்தாலும், அடுத்த சொல்லைப் பெயர் என்று எடுத்துக்கொள். இருபது வரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. எல்லோரும் முதுகில் தட்டினார்கள். டெமோ அப்படியே ஷூ கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது.

எங்கள் பக்கத்து மாஸ்டர்கள் பழைய மாடலை அழிக்கவே மாட்டார்கள். அடுத்த சீசனில் வெளிநாட்டுக்காரன் அதையே திரும்பக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதே ஃபைலில், ‘இதைப் படிக்காதே’ என்று கம்பைலருக்குச் சொல்லும் கமெண்ட் குறி போட்டு வைத்திருப்பார்கள். கம்பைலர் அதைத் தாண்டிப் போய்விடும். என் இருபது வரிக்கு அந்த விவஸ்தை கிடையாது.

ஒரு மாஸ்டர், ஷூவின் முன்பக்கத் துண்டை ஓரத்தில் கொஞ்சம் பெரிதாக்க நினைத்தார். பட்டியலில் பெயரைத் தட்டினார். அது கமெண்ட் குறிக்குள் அதே பெயரில் கிடந்த போன சீசனின் செத்த துண்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அதில் அளவைக் கூட்டிவிட்டு நிம்மதியாக மெஷினை ஓட்டினார். மெஷின் திருத்தாத துண்டையே நாள் முழுக்க வெட்டியது. கால் வடிவ மர அச்சில் இழுத்தால் தோல் எட்டவில்லை. அத்தனையும் குப்பைக்குப் போனது.

மேனேஜர் அறையில் அவர் முன்னால் பாயும் நானும் நின்றோம். பாய் கையில் அந்த இருபது வரி, பிரிண்ட் எடுத்தது.

“லிஸ்ட் வேலை யார் பேர்ல இருக்கு?” என்றார் மேனேஜர், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

“என் பேர்ல” என்றார் பாய். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

பழி பாய் மேலேயே விழுந்தது; மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. அவர் முக்கால்வாசி முடித்திருந்த லைப்ரரியை நான் முடித்தேன். அதற்கு ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். வெட்கமில்லாமல் போர்த்திக்கொண்டு போட்டோவுக்கும் நின்றேன்.

போன மாதம் வாணியம்பாடியில் அவரைப் பார்த்தேன். தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஸ்டாக் கணக்கு பார்க்கிறாராம். டீக்கடை ஓரத்தில் ஒருவழியாகச் சொன்னேன். “பாய், அந்த இருபது வரி நான் எழுதுனது.”

“தெரியும்பா. அவ்ளோ மட்டமா நான் எழுத மாட்டேன்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீ சொல்லுவேன்னு காத்துனு இருந்தேன்.”

டீக்கு அவரே காசு கொடுத்தார். என் பெண் எந்த கிளாஸ் படிக்கிறாள் என்று விசாரித்தார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது மேனேஜர் அறையில் நின்றபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.