மூன்று பந்துகளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும்

என் மகளின் தொழில்முறை பேஸ்பால் வாழ்க்கை மொத்தம் மூன்று பந்துகள். நான்காவதை வீசவிடாமல் செய்தது எதிரணி அல்ல, நான்.

பவானி கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவள். படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டியில், நான் சூப்பர்வைசராக இருக்கும் மெஷின் ஷாப்புக்கு இரண்டு கம்பெனி தள்ளி வேலை கிடைத்தது. அது நிரந்தரமாகும் நேரத்தில்தான், புதிதாகத் தொடங்கிய ஒரு பெண்கள் பேஸ்பால் லீகில் அவளைப் பந்து வீசும் பிட்சராக எடுத்தார்கள். முதல் ஆட்டம் சோதனை. நன்றாக வீசினால் சீசன் முழுவதற்கும் ஒப்பந்தம்.

"பர்மனென்ட் ஆவுற நேரத்துல வேலைய உட்டுட்டு பந்து அடிக்கப் போறியா?" என்றேன்.

"அடிக்கல நைனா. வீசப் போறேன்."

வேலையை விட்டுவிட்டாள். எனக்கு பி.பி. மாத்திரை ஒன்று கூடியது.

ஆட்டம் திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில். வழியில் பெரியபாளையத்தம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போனோம். பவானி உடை மாற்றப் போனபோது அவளுடைய கையுறை பெஞ்சில் கிடந்தது. புத்தம் புதுசு.

எங்கள் ஷாப்பில் எந்தப் புது மெஷினும் சந்தனம் குங்குமம் இல்லாமல் ஓடியதில்லை. லேத்துக்கு உண்டு, ஃபோர்க்லிஃப்டுக்கும் உண்டு. பெற்ற பெண்ணின் கையுறைக்கு மட்டும் கிடையாதா? (அப்போது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.) வெளியே தெரிந்தால் கத்துவாள் என்று, கோயில் சந்தனம் குங்குமத்தைப் பந்து வந்து விழும் உள்பக்கக் குழியில் வைத்தேன். தோலில் ஒட்டவில்லை. கோயிலில் விளக்கேற்றி மிஞ்சிய விளக்கெண்ணெயில் ஒரு சொட்டு விட்டுக் குழைத்தேன். சும்மா கம்மு மாதிரி புடிச்சுக்கிச்சு.

"இன்னா பண்றீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. தூசி."

முதல் பந்து அருமை. இரண்டாவது அதைவிட அருமை. அம்மன் இறங்கி வந்து வீசுவதாகவே நினைத்தேன். மூன்றாவது, விரலில் ஒட்டித் திசைமாறி, பேட் பிடித்திருந்த பெண்ணின் தோளில் பட்டது. வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை.

"ரத்தம்! ரத்தம்!" என்று யாரோ அலறினார்கள்.

அம்பயர் ஓடிவந்தார். கறையை விரலால் தொட்டார். முகர்ந்தார். அவர் முகம் மாறியது. பவானியின் கையுறையை வாங்கி விரித்து, "என்னம்மா இது?" என்றார். அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, கூட்டத்தில் என்னை மட்டும் பார்த்தாள்.

கயிற்றைத் தாண்டி ஓடினேன். "சார், அதுக்கு ஒண்ணும் தெரியாது! நான்தான் வெச்சேன். பெரியபாளையத்தம்மா குங்குமம் சார்!"

அம்பயர் கொஞ்சம் இளகினார். "வெறும் குங்குமம்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஷாப்புக்கு வரும் ஆய்வாளர் கேட்டால் முழு விவரமும் சொல்லியே பழகிய வாய் இது.

"குங்குமம், சந்தனம், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் சார். ஒட்டுறதுக்கு."

"ஒட்டுறதுக்கா?"

"நல்லா கிரிப்பா இருக்கும் சார்."

"ஐயோ, வாய மூடுங்களேன்!" என்ற மனைவியின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

பிட்சர் பந்தில் ஒட்டும் பொருள் எதையும் தடவக் கூடாதாம். பவானியை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் பயிற்சியாளரிடம் எவ்வளவோ கெஞ்சினேன், ஒப்பந்தம் வரவில்லை. திரும்பும்போது பவானி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"நான் இன்னா மெஷினா நைனா?"

இது நடந்து இரண்டு வருடமாகிறது.

அவள் இப்போது வேறொரு கம்பெனியில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். எங்கள் உறவில் யார் புது பைக் வாங்கினாலும் சாவியைத் தொடும் முன் என் கைகளைச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. மச்சான் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், எல்லார் முன்னாலும் என் விரல்களை முகர்ந்தே பார்த்தார்.

போன மாதம் இன்னொரு அணி பவானியைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. காலையில் கிளம்பும்போது, கேட்காமலேயே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உள்ளங்கை, விரலிடுக்கு, சட்டைப்பை என்று ஒன்று விடாமல் பார்த்தாள்.

"சுத்தமாத்தான் கீது," என்றாள். "ஆனா நீ வராத நைனா."