தீனி இங்கே, கூடு அங்கே

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் இருக்கவேண்டும். இங்கே என் நிம்மதி போய்விட்டது. எல்லாம் நீ செய்த வேலை. போனில் சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதனால்தான் இதைப் பேத்தி வேலைக்குப் போகிற வழியில் உன் செடிக்கடையில் கொடுத்துவிடுவாள் என்று எழுதுகிறேன்.

"நம்ம மண்ணு மரமா வை அக்கா, பறவையெல்லாம் தேடி வரும்" என்று நீதானே அத்திக் கன்று கொடுத்தாய்? வந்தது. காய் பழுத்ததும் ஒரு ஜோடி கொண்டைக்குருவி வந்தது. தண்ணீர் வைத்தேன், பூனையை விரட்டினேன், காயப்போட்ட துணியெல்லாம் எச்சமானாலும் வாயைத் திறக்கவில்லை. இத்தனையும் தின்றுவிட்டு அதுகள் கூடு கட்டினது எங்கே தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரியோட மருதாணி வேலியில! பேத்தி பிறந்தப்போ பார்க்க வந்து, "குழந்தை நல்லாத்தான் இருக்கு, மூக்குதான் பாட்டி மாதிரி, பாவம்"னாளே, அவளேதான். அன்னிக்கு அவ குடையில ஒரு கம்பி உடைஞ்சிருந்தது, அதுகூட எனக்கு மறக்கலை. அன்னியிலேர்ந்து பேச்சு கிடையாது.

தொலையட்டும்னு மாடியிலேர்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். குஞ்சு பொரிச்சிருக்கு, இறகுகூட முளைக்காம வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு. இந்த நேரத்துல அவ மகன், கார் திருப்ப இடம் பத்தலைன்னு வேலியை வெட்ட ஆள் சொல்லியிருக்கான். இன்னிக்கோ நாளைக்கோ அந்த ஆள் வந்துடுவான். "நீயே போய்ச் சொல்லேன்"னு சொல்லுவே. எப்படிடா போவேன்? எத்தனை வருஷம் கட்டிக்காத்த கோபம்! உன்னைப் பார்த்தா மட்டும் அவ பல்லைக் காட்டுவா, நீ வந்து சொல்லு. என் கல்யாணத்துல நீ பாதியில எழுந்து போனதை இன்னும் மன்னிக்கலை, அது தனி. இதுக்கு உடனே வா.

உன் பிள்ளைகள் நல்லா இருக்கணும், உன் கடைச் செடியெல்லாம் வாடாம இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: நீ வரவேண்டாம். இதை மடிக்கும்போதே வெட்டுற மிஷின் சத்தம் கேட்டுச்சு. செருப்புகூடப் போடாம ஓடி, "அடியே, குஞ்சு இருக்கு, நிறுத்தச் சொல்லுடி!"ன்னு கத்திட்டேன். அவ அசையாம நிக்கிறா. "எனக்குத் தெரியாதாக்கும்? கூடு இருக்கிற பக்கம் கையே வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். என் குருவியை எனக்குப் பார்த்துக்கத் தெரியும்"ங்கறா. அவ குருவியாம்! விடுவேனா? வேலியோரமா நின்னு பொழுது சாயறவரைக்கும் சண்டை. அவதான் நாற்காலி எடுத்துப் போட்டா. இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கலை, நாளைக்கும் போகணும்.