அறுநூறு கிலோமீட்டர் ராகுகாலம்

பன்னிரண்டு மணிக்கு விமானம். ஒன்றரைக்கு ஐதராபாத். டைல்ஸ் மேஸ்திரி வெற்றிவேலுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மனைவி சுலோசனாதான் காலண்டர் தாளைக் கிழித்துவந்து மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"புதன்கெழம ராகுகாலம் எப்போ?"

"பன்னெண்டுலேர்ந்து ஒன்றர."

"ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் முழுசா ராகுகாலம்யா! ஒரு நிமிஷம் மிச்சமில்ல."

"அறுநூறு கிலோமீட்டருடி. பஸ்ஸுல போனா நாளைக்குத்தான். மூணு மணிக்கு சைட்ல நிக்கலன்னா வேற மேஸ்திரிய வச்சிக்குவாராம் கான்ட்ராக்டர். நாலு மாசமா சும்மா கெடக்குறேன், தெரியுமில்ல?"

சுலோசனாவின் தம்பி இனியவன் வழி சொன்னான். "ஒம்பதரைக்கு நல்ல நேரம். அப்பவே கெளம்பிடு மாமா. ஆனா ஐதராபாத் போற வரைக்கும் கால் ஓயக் கூடாது. ஓஞ்சா பயணம் முடிஞ்சிபோச்சி. மறுபடி நகந்தா, ராகுகாலத்துல புதுசா கெளம்புன கணக்கு."

ஆட்டோவில் கால் ஓய்ந்துவிடுமே! உழவர்கரையிலிருந்து இலாசுப்பேட்டை விமான நிலையம் வரை பையைச் சுமந்து நடந்தான். நேரம் மிச்சமிருந்தது. வாசலிலேயே சுற்றிச் சுற்றி நடந்தான். ஏழாவது சுற்றில் காவலர் மடக்கினார்.

"என்னாய்யா நோட்டம் பாக்குற? நில்லு."

"நின்னா போச்சி சார்."

பையைக் கொட்டினார்கள். சிமென்ட் பூசும் கரணையும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் விழுந்தன. விசாரணை அரைமணி நேரம். வெற்றிவேல் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தான். பாவம், அவசரம்போல என்று இரண்டு பேர் அவனைக் கழிப்பறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஒருவழியாக விட்டார்கள். கரணை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. வரிசையில் முன்னால் நின்ற அம்மாவின் குதிகாலை மூன்று தரம் மிதித்தான்; மூன்று தரமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

விமானத்தில் பெல்ட் மாட்டிய பிறகும் கால் சைக்கிள் மிதித்தது. முதுகில் உதைபட்ட முன்சீட்டுக்காரர் திரும்பினார்.

"யோவ், பிளேன நீயா ஓட்டுற?"

தொடை பிடித்துக்கொண்டது. இருபது வருஷம் தரையில் குந்தி வேலை பார்த்த கால், அதுவே கெஞ்சியது. "ராகு வர்றதுன்னா ஐதராபாத்துக்கே வரட்டும். வேலையில சேந்துட்டுப் பேசிக்கிறேன்" என்று காலை நீட்டிவிட்டான்.

மணி பன்னிரண்டே கால். விமானம் நகரவில்லை. பன்னிரண்டு நாற்பது. அப்போதும் அசையவில்லை. சைட்டில் வேறொரு மேஸ்திரி குந்தி உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டுவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டான். "யம்மா, சீக்கிரம் எடுக்கச் சொல்லும்மா. என் பொழப்பு போயிடும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"அதோ கீழ நிக்கிறாரு பாருங்க சார் பைலட்டு. ராகுகாலம் முடிஞ்சாத்தான் ஏறணும்னு அவங்க வீட்டம்மா சத்தியம் வாங்கி அனுப்பியிருக்காங்க."